மூன்றாவது பசை

என் மேசைக்கு வரும் எவரையும்
முதலில் தலைகீழாகத்தான் சந்திக்கிறேன்.
முகம் அப்புறம்.
பாவாடை மடிப்பும் கன்னச் சிவப்பும் அப்புறம்.
பிறப்புச் சான்றிதழின் மேல்
உட்கார்ந்துகொள்ளும் இனம் இது.

ஸ்விக்காவ் நகர மன்றத்தின் பின்கூடம்.
நவம்பர் சனிக்கிழமை. உருப்படிக்கு ஐந்து யூரோ.
செருப்புப் பெட்டிகளில், ரொட்டிக் கூடைகளில்
மேய்ப்பர்கள் வந்திருந்தார்கள்,
காது போன நாய்கள்,
வயலின் வாசிக்கும் ஒரு குரங்கு.

குரங்கை உடனே திருப்பி அனுப்பினேன்.
மெருகுக்கு அடியில் ஊறியிருக்க வேண்டிய நீலம்
மெருகின் மேல் உட்கார்ந்திருந்தது;
நகம் பட்டதும் உதிர்ந்தது.
அது வாள் முத்திரை இல்லை,
வாய்ச்சவடால்.

எழுபத்தொன்பதாம் எண்: ஓர்ட்ரூன், வீலாண்ட்.
அவர் பெட்டியைத் தூக்கிவர
அவள் மூடியை அழுத்திப் பிடித்தபடி
பக்கவாட்டில் நடந்து வந்தாள்.
உள்ளே, குளியல் துண்டுக்குள்,
குருவி விற்கும் பெண்.
இடுப்பில் கூண்டு, விரல் நுனியில் ஒரு பறவை,
விலை சொல்லத் திறந்த வாய்.

சுண்டினேன்.
நல்ல பீங்கான் மணிபோலப் பதில் சொல்லும்.
இவள் தொண்டை கட்டியவளாய்
"டொக்" என்றாள்.

கவிழ்த்தேன்.
மைசென் வாள்கள் இரண்டும் நிஜம்.
ஆனால் அவற்றின் குறுக்கே
ஆழமாய்க் கீறிய இரு கோடுகள்.
"இரண்டாம் தரம்," என்றேன்.
"ஆலையிலேயே குறை கண்டு ஒதுக்கியது."
"இவர் அம்மாவுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்,"
என்றாள் ஓர்ட்ரூன்.
"எங்கள் கல்யாணத்துக்கு அவர் கொடுத்தது."
வீலாண்ட் கூரையின் குழல் விளக்குகளை
எண்ணிக்கொண்டிருந்தார்.

அவற்றை அணைக்கச் சொன்னேன்.
புற ஊதா விளக்கை மட்டும் ஏற்றினேன்.

கழுத்தைச் சுற்றி மஞ்சளாய் ஒரு வளையம்.

இருட்டில் ஆண்குரல் கனைத்தது.
"அது நான்.
எண்பத்தெட்டில், ஈஸ்டருக்கு முதல்நாள்.
நீ உன் அக்கா வீட்டில் இருந்தாய்.
குளியல் தொட்டியில் உட்கார்ந்து ஒட்டினேன்.
தலை கொஞ்சம் இடப்பக்கம் திரும்பிவிட்டது."

"அது முன்பே அப்படித்தான் பார்க்கும் என்று
நினைத்திருந்தேன்," என்றாள்.

மணிக்கட்டில் வெளிர்நீலம்.

"அது நான். தூசி தட்டும்போது.
கோபத்தில் தட்டினேன்."
"எப்போது?"
"எந்தக் கோபம் என்று கேள், வீலாண்ட்."

கூடத்தின் மறுகோடியில் யாரோ
நாற்காலியை இழுத்தார்கள்.
விளக்கை இன்னும் கீழே இறக்கினேன்,
வேலையின் பழக்கம்.

கூண்டின் அடிக்கம்பியில் ஆரஞ்சு நிறம்.
முடியளவே இருந்தது. கைதேர்ந்த வேலை.
மிஞ்சிய பசையைத் துடைத்து
வண்ணம் தொட்டு
மெருகும் பூசியிருந்தார்கள்.
முதல் இரண்டும் பயந்தவர்கள் ஒட்டியவை;
இது நிதானமாக ஒட்டியது.

யாரும் "அது நான்" என்று சொல்லவில்லை.
காத்திருந்தேன்.
அந்த வீட்டில் இன்னும் யார் வசித்தார்கள்,
யார் வந்துபோனார்கள் என்று
நான் கேட்கவில்லை.
ஐந்து யூரோவில் அது சேராது.

வெளிச்சம் வந்ததும் எழுதிக் கொடுத்தேன்:
பழுதில்லாமல் இருந்தால் அறுநூறு.
இப்போது நாற்பது,
வாங்குபவர் கண்ணாடியை மறந்து வந்தால்.
நிலை என்ற கட்டத்தில்
மூன்று ஒட்டு என்று குறித்தேன்.
ஓர்ட்ரூன் அந்தச் சீட்டை இரண்டுமுறை வாசித்தாள்,
விலை இருந்த வரியை அல்ல.

கதவருகே நின்றுவிட்டார்கள்.
சூடேற்றியின் மேல் பெட்டியை வைத்து
மறுபடி திறந்தார்கள்.
வீலாண்ட் கைபேசியின் டார்ச்சை
கூண்டுக்கு நேரே பிடித்தார்,
அவள் குனிந்தாள்,
இரண்டு நரைத்த தலைகளும் இடித்துக்கொண்டன.

வெள்ளை வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது
என்று சொல்லத்தான் எழுந்தேன்.
அதற்குள் எண்பதாம் எண் வந்து
எதிரே உட்கார்ந்துவிட்டது:
ஒரு சூப் கிண்ணம்.
மூடி மட்டும்.