நாலில் மூன்று

வடக்கு டகோட்டாவில், கெஸ்லர் ஃபோர்க் பள்ளி மாவட்டத்தில்
மொத்தம் ஐம்பத்தெட்டுப் பிள்ளைகள்.
மாவட்டம் என்பது கொஞ்சம் பெரிய சொல்.
ஒரு கட்டடம், ஒரு கொதிகலன், இரண்டு பஸ்.
ஒன்றை நான் ஓட்டுகிறேன்.
மாதத்தின் இரண்டாம் செவ்வாய் மாலை
சாப்பாட்டுக்கூடத்தில் வாரியம் கூடும்போது
குறிப்பெழுதுகிறவளும் நானே.

அன்றைய பொருள்: இந்த ஆண்டின் கல்வி இலக்குகள்.
மாநிலத்திலிருந்து படிவம் வந்திருந்தது.
இலக்கு அளக்கக்கூடியதாக இருக்க வேண்டும்,
எட்டக்கூடியதாக இருக்க வேண்டும்,
சதவீதத்தில் இருக்க வேண்டும்.
கண்காணிப்பாளர் லண்ட்குவிஸ்ட்
கூடைப்பந்துப் பயிற்சியும் அவரே, கழுத்தில் இன்னும் விசில்
வாசித்தார்:
"மூன்றாம் வகுப்பில் எழுபத்தைந்து சதவீதத்தினர்
வகுப்புக்கேற்ற அளவில் வாசிப்பார்கள்."

நல்ல எண்தான்.
ஆயிரம் பிள்ளைகள் படிக்கும் ஊரில்
மிச்ச இருபத்தைந்துக்கு முகம் கிடையாது.
எங்கள் மூன்றாம் வகுப்பில் நாலு பேர்.
பிஷோஃப் வீட்டு இரட்டையர்,
தானியக் கிடங்கு மேலாளர் மகள் டெஸ்ஸா,
அப்புறம் வெஸ்டன்.

யாரும் பெயரைச் சொல்லவில்லை.
வெர்னா பிஷோஃப் பேனா மூடியைத் திறந்தார், மூடினார்,
திறந்தார்.
சமையலறைத் தடுப்புக்குப் பின்னால்
தட்டு கழுவிக்கொண்டிருந்த டார்லாவின்
குழாய்ச் சத்தம் நின்றது.
வெஸ்டன் டார்லாவின் மகன்.

இதை நான் குறிப்பில் எழுதவில்லை.
நின்றுபோன சத்தத்தை எந்தத் தலைப்பில் எழுதுவது?

தடுப்பு பாதி உயர்ந்தது.
"காபி இன்னும் இருக்கு. யாருக்காவது ஊத்தவா?"
ஐந்து பேரும் வேண்டாம் என்றார்கள்,
ஐந்து கோப்பையும் காலி.

டார்கர்சன் கோதுமை விவசாயி. பேசாதவர்.
மூன்று ஆண்டுக் கூட்டங்களில் அவர் பேருக்கு நேரே
நான் எழுதியது
"வழிமொழிந்தார்" என்ற ஒற்றைச் சொல்.
தொண்டையைச் செருமினார்.
"நூறுன்னு போடு."
"எட்டலைன்னா மாநிலம் கேள்வி கேக்கும், ஆர்வில்."
"எட்டலைன்னா எட்டலைன்னு எழுது.
விதைக்கிறப்ப முக்கால் வயலுக்கா விதைக்கிறேன்?"

அவ்வளவு சரியான உவமை இல்லை.
போன வருஷம் கால் வயலை அவர் தரிசாகத்தான் போட்டிருந்தார்,
ஊருக்கே தெரியும்.
ஆனாலும் கை தூக்கினார்கள்.
ஐந்துக்கு ஐந்து.
பிறகு கொதிகலனைப் பற்றி ஒன்றரை மணி நேரம்.

நூறு என்று எழுதிவிட்டால் ஆயிற்றா?
வாசிப்பு ஆசிரியை வாரம் மூன்று நாள்
அறுபது மைல் தள்ளியிருந்து வர வேண்டும்.
ஜனவரியில் இரண்டு வாரம் பனி விடவில்லை.
பிப்ரவரியில் வந்தார்.
மார்ச்சில் அவர் கார் படுத்துக்கொண்டது.
பி-யை டி-யாகவும் டி-யை பி-யாகவும் எழுதி
அழித்து அழித்து
வெஸ்டனின் தாளில் ஓட்டை விழுந்ததை
டார்லா மடித்து ஏப்ரன் பைக்குள் வைத்திருந்தாள்.
எதற்கு என்று நான் கேட்கவில்லை.

அடுத்த இலையுதிர்காலத்தில் மாநிலம் முடிவுகளை வெளியிட்டது.
எங்கள் வரியில் எண் இல்லை,
ஒரு நட்சத்திரக் குறி.
அடியில் பொடி எழுத்தில்:
பத்துப் பேருக்குக் குறைவு,
தனியுரிமை கருதி வெளியிடப்படவில்லை.
எழுபத்தைந்தா நூறா,
தலைநகரிலிருந்து பார்க்கிறவருக்குத் தெரியப்போவதில்லை.

எனக்குத் தெரிந்தது இவ்வளவு.
அந்த மே மாதம் ஒரு காலை, ஆறு நாற்பது,
முதல் நிறுத்தத்தில் ஏறி உட்கார்ந்த வெஸ்டன்
முன்சீட்டின் முதுகில் எவனோ கீறியிருந்ததை
விரல் வைத்து, எழுத்தெழுத்தாய்க் கூட்டி,
உரக்க வாசித்தான்.
சபையில் சொல்லக் கூடாத சொல்.
கீறியவன் எழுத்துப்பிழை விட்டிருந்தான்.
இவன் சரியாக வாசித்தான்.

கண்டிக்க வேண்டும் என்பது விதி.
கண்ணாடியில் ஒருமுறை பார்த்தேன்.
பிரேக்கை விடுவித்தேன்.