காலடியில் கிடந்தவன்

முதலில் வெளியே வந்தது பசாசுதான்.
கூரை பிளந்த கோயிலுக்குள்ளிருந்து
தீயணைப்புக்காரன் ஒரேஸ்தே அதை
இரு கையிலும் ஏந்தி வந்தான்,
காய்ச்சல் கண்ட பிள்ளையைத் தூக்கி வருவதுபோல.
சதுக்கத்தில் கூடாரம் போட்டிருந்தவர்கள்
பழக்கத்தில் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.
ரொட்டிக்கடை எர்சீலியா
தோளில் கிடந்த கம்பளியை உருவி
அதன்மேல் போர்த்தினாள்.
மழை தூறிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

மிக்கேல் அதிதூதர் வர நாலு நாளாயிற்று.
வாள் இல்லை. இடது சிறகு
எந்தக் கல்லுக்கடியிலோ.
முகத்தில் அதே அமைதி:
நானூறு வருஷமாய் ஒருவன் மார்பை மிதித்தபடி
தூரத்தில் எதையோ பார்க்கிற அமைதி.

இப்போது இருவரும்
மலைக்குக் கீழே, தகரக் கிடங்கில்.
சம்மனசின் அட்டையில் முந்நூற்றுப் பதினேழு.
பசாசுக்குத் தொண்ணூற்றிரண்டு.
வேறு வேறு வரிசை.
இராக்காவல் எனக்கு.

மிக்கேலால் நிற்க முடியவில்லை.
செதுக்கியவன் அவர் பாரம் முழுவதையும்
வலது காலில் இறக்கி
அந்தக் காலை இன்னொருவன்மேல் வைத்திருந்தான்.
அவன் போனதும் சாய்கிறார்.
மணல்மூட்டை முட்டுக்கொடுத்து
இடுப்பில் பட்டை கட்டி நிறுத்தியிருக்கிறோம்.
வெற்றி இதுதானா என்று கேட்க வாயெடுத்தேன்.
கேட்கவில்லை. சிலைகளோடு பேசுகிறவள் என்று
ஏற்கெனவே எனக்குப் பேர்.

பசாசு மல்லாந்து கிடக்கிறது.
மிதிபட்டபோது அலறலாய் இருந்த வாய்
மேலே ஆளில்லாததால்
தண்ணீர் கேட்பதுபோல் இருக்கிறது.
பாவமாய் இருந்தது.
உடனே பயமாயும் இருந்தது:
இப்படித்தானே அது எப்போதும் கேட்கும்.

நேற்று கைவிளக்கைத் தரையில் வைத்து
மிக்கேலின் உள்ளங்காலைப் பார்த்தேன்.
ரேகை ஓடியிருந்தது. குதிகாலில் வெடிப்பு.
ஒருவரும் பார்க்கமுடியாத இடத்தில்
உளி இத்தனை நேரம் நின்றிருக்கிறது.
வெடிப்புக்குள் கறுப்பு,
பசாசின் சாயம்.
நடந்துபோய்க் கம்பளியை விலக்கினேன்.
மார்பில் குதிகாலளவு குழி,
குழிக்குள் இளஞ்சிவப்பாய்
சம்மனசின் தோல்.

மாதம் ஒருமுறை எர்சீலியா தொலைபேசுகிறாள்.
எப்போது தருவீர்கள்?
இன்னும் கையெழுத்தாகவில்லை, மிக்கேலை மட்டும்
ஒருவேளை முன்னதாக அனுப்பலாம் என்றேன்.
ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு
நாங்கள் என்ன செய்ய, என்றாள்.
அப்புறம் கொஞ்சம் தயங்கி:
அந்தக் கம்பளி இன்னும் இருக்கிறதா?
குளிர் வந்துவிட்டது இங்கே.

தேடினேன். பதிவேட்டில்
கம்பளிக்கு எண் இல்லை.