இன்னும் செல்லாத கையொப்பம்

தேங்காப்பட்டணம், ஐஸ் பிளாண்ட் ஆபீஸ்.
பிரிண்டருக்கு ஒரு மென்பொருள் ஏற்றப் போனால்
பிழை. திரும்பவும் பிழை.
சர்வர் முகவரியை மாற்றினேன்.
பழைய சாவியை அழித்துப் புதுச்சாவி வாங்கினேன்.
பட்டியல் கோப்பில் சந்தேகப்பட்ட வரிக்கெல்லாம்
முன்னால் ஒரு # போட்டு வாயடைத்தேன்.

மரியசெல்வம் கதவில் சாய்ந்து நிற்கிறான்.
'வள்ளம் கரை பிடிச்சாச்சு ரெக்ஸ்லின்,
ரசீது இல்லாம லோடு ஏத்த முடியாது, கேட்டியா?'

அப்புறம்தான் அந்த வரியை முழுசாக வாசித்தேன்:
இந்தக் கையொப்பம் இன்னும் செல்லாது,
செல்வதற்கு
ஐயாயிரத்துச் சொச்சம் நாள் இருக்கிறது.

திரையின் மூலையில் தேதி பார்த்தேன்.
இரண்டாயிரத்துப் பத்து, ஜனவரி ஒன்று,
நள்ளிரவு தாண்டி இருபது நிமிடம்.

உப்புக்காற்று தின்ற காசு பாட்டரி.
கரண்டு போன ஒவ்வொரு தடவையும்
இது தனியாகப் புத்தாண்டு கொண்டாடியிருக்கிறது.
இதன் கணக்கில்
மரியசெல்வத்துக்கு மீசை அரும்பவில்லை,
நான் கருங்கல் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு
டைப்பிங் கிளாசுக்குப் போகிறேன்.
நாளை போடப்போகிற கையெழுத்தை
இன்று காட்டினால்
நானும்தான் நம்பமாட்டேன்.

ஒரே கட்டளை. இன்றைய தேதி.
பொதிகள் வரிசையாக இறங்கத் தொடங்கின.
எண்பது சதவீதம்.
பாட்டரி இனி நாளைக்குத்தான்,
அதுவரை கரண்டு போகாமல் இருந்தால் போதும்.

பின்கட்டில் யாரோ
ஐஸ் உடைக்கிற மெஷினைப் போட,
ட்யூப்லைட் ஒருமுறை இமைத்தது.