கொட்பேயிலிருந்து ஒரு கடைவாய்ப்பல்

மூன்றாவது தடவையும் கழன்றுவிட்டது.
கிண்ணியா பஸ் டிக்கட்டில் சுற்றி
சட்டைப்பையில் கொண்டுவந்திருந்தார் றியால்தீன்.
"சோத்துல கல்லெண்டு நினைச்சன் டொக்டர்.
துப்பிப் பாத்தா எண்ட பல்லு."

தாடைக்குள் திருகாணி அசையவில்லை.
அதன்மேல் நிற்கும் டைட்டேனியக் கட்டைதான்
குட்டை, நாலு மில்லிமீற்றர்,
வழவழப்பு.
சிமெந்துக்குப் பிடிக்க இடமில்லை.

கண்ணாடியில் காட்டினேன்.
கொட்பேயில் பைபர் வள்ளம் ஒட்டுகிற மனுசன்
சிரித்தார்.
"இதுக்கு மேலயா ஒட்டினீங்க?
சேண்ட் பேப்பர் போடாம
நாங்க ஒரு ஓட்டையும் அடைக்க மாட்டம்."

சுட்டது. தெரியாததல்ல;
இரண்டு தடவையும் அவசரம்,
வெளியே உவர்மலைப் பிள்ளைகள் வரிசை.

கட்டையைக் கழற்றி அலுமினா மணல் ஊதினேன்.
பளபளப்பு செத்தது.
மழைக்கு முந்திய உட்துறைமுகத்தின் சாம்பல்.
பக்கவாட்டில் இரண்டு கீறல்.

இனி, இரண்டு சிமெந்து.
ஒன்று செத்தாலும் விடாது.
மற்றது, தட்டினால் விடும்.
உள்ளே திருகாணி என்றாவது தளர்ந்தால்
இதை உடைக்காமல் நான் எடுக்க வேண்டும்.

வாய்க்குள் பஞ்சோடு அவர் ஏதோ சொன்னார்.
பாதிதான் விளங்கியது:
வள்ளம் கட்டுற முடிச்சு,
அலைக்கு நிக்கணும்,
கைக்கு அவுளணும்.

தட்டினால் விடுவதையே எடுத்தேன்.
விளிம்பில் மெல்லிய பூச்சு,
மிச்சத்தை முரசிலிருந்து நூலால் வழித்தேன்.
"கடிங்கோ."

வெள்ளிக்கிழமை அவருடைய மிஸ்ட் கோல்.
எனக்குள் ஏதோ கழன்றது.
திருப்பி எடுத்தேன்.
பாரைக் கருவாடு கடித்தாராம்.
இருக்காம்.