அறுபதாவது சீட்டு

தொண்ணூறு துண்டுச் சீட்டுகள்.
எண்ணும் பொறுப்பு எனக்கு.
பதினெட்டு வருடமாக இந்தச் சபையின் பணத்தை
ஒரு டாலர் பிசகாமல் எண்ணியவள் என்பதால்.

நெப்ராஸ்காவில் மார்ச் மாதம்.
அறுத்த சோளத் தட்டைகளின் மேல் அழுக்குப் பனி.
கிறிஸ்துமஸுக்குக்கூட வராத ஹாகமான் குடும்பம்
அன்று முன்வரிசையில் இருந்தது.

தாளில் கேள்வி கண்ணியமாகத்தான் இருந்தது:
தாய்ச்சபையிலிருந்து விலகலாமா, ஆம், இல்லை.
அதில் வெர்லினின் பெயர் இல்லை.
கர்ட்டின் பெயரும் இல்லை.

வெர்லின் எங்கள் ஆர்கன் வாசிப்பவர்.
மிதிகளுக்கென்றே மெல்லிய அடிவைத்த கறுப்புக் காலணி,
பெஞ்சுக்குக் கீழே இருபத்தாறு வருடம்.
கர்ட் இரண்டாம் வரிசை, இடது ஓரம்.
பக்கம் புரட்ட எழுந்து போவார்.
ஒரே வண்டியில் வந்தார்கள், ஒரே வண்டியில் போனார்கள்.
நண்பர் என்றோம்.
முகவரிப் புத்தகத்தில் ஒரே தொலைபேசி எண்ணை
இரண்டு பெயருக்கும் தனித்தனியே அச்சடித்தவள் நான்.

இலைமறை காய் என்பார்கள்.
காய் ஒருநாளும் மறையவில்லை.
நாங்கள்தான் இலையாக இருந்தோம்.

என் டெல்மர் இறந்த வாரம்
தொட்டி உறைந்துபோயிருந்தது.
கர்ட் கோடாலியோடு வந்து பனியை உடைத்து
மாடுகளுக்குத் தண்ணீர் காட்டினார், ஐந்து நாள்.
நன்றிக் கடிதம் எழுதினேன்.
இருவருக்கும் சேர்த்து, ஒரே உறையில்.
அப்போதே தெரிந்துதானே இருந்தது.

போதகர் ரோமர் முதலாம் அதிகாரத்தை வாசித்தார்.
பள்ளிப் பேருந்து ஓட்டும் லூயெல்லா எழுந்தாள்:
"அதே அதிகாரத்தில் புறங்கூறுகிறவர்களும் இருக்கிறார்களே,
அவர்களைப் பற்றி எப்போது ஓட்டெடுப்பு?"
யாரோ இருமினார்கள்.

காணிக்கைத் தட்டுகள்தான் சுற்றி வந்தன.
நாணயம் சத்தமிடாதிருக்க
உள்ளே பச்சை வெல்வெட் ஒட்டியவை.
காகிதம் எப்படியும் சத்தமிடாது.
அவர்கள் இருவரும்கூடப் போட்டார்கள்,
நான்காக மடித்து.

சமையலறையில், காபிக் கொதிகலன் பக்கத்தில் எண்ணினேன்.
இல்லை, முப்பது.
ஆம், அறுபது.
மூன்றில் இரண்டு பங்கு வேண்டும்.
மயிரிழை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.
மறுபடி எண்ணினேன்.
காசு குறைந்த நாளில் தேடுவதுபோல்
மேசைக்கடியில் குனிந்தும் பார்த்தேன்.

அறுபதில் ஒன்று என் கையெழுத்து.

பயம் என்று சொன்னால் பாதி உண்மை.
மகன் பக்கத்தில் இருந்தான்.
அவன் பேனா போன வழியே என் பேனாவும் போனது.
அவ்வளவுதான். இதைவிடப் பெரிய காரணம்
இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

ஒரு சீட்டைக் கிழித்து
குப்பைக்கூடையில் காபித்தூளுக்குள் புதைத்திருக்கலாம்.
கை வரவில்லை.
நான் எண்ணிக்கையில் நேர்மையானவள்.

எல்லாக் கூட்டமும் ஒரு பாட்டோடு முடியும்.
முடிவை அறிவித்ததும், யோசிக்காமல்,
எல்லாத் தலைகளும் ஆர்கன் பக்கம் திரும்பின.
வெர்லின் குனிந்து
காலணியின் நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.
முதலில் இடது. அப்புறம் வலது.
நாங்கள் எண்பத்தெட்டுப் பேர்
ஒரு மனிதர் காலணி மாற்றுவதைப் பார்த்தோம்.
மளிகைக்கடைப் பையில் அதைப் போட்டுக்கொண்டார்.
இசைப் புத்தகங்களை எடுத்துக்கொண்டது கர்ட்.

ஆர்கன் இல்லாமல் பாடினோம்.
போதகர் ஆரம்பித்த சுருதி மிக உயரம்.
மூன்றாம் அடியை எவராலும் எட்ட முடியவில்லை.

ஏப்ரலில் ஓர் உறை வந்தது.
இந்த வருடத்துக்கு அவர்கள் வாக்களித்த காணிக்கையில்
மீதமிருந்த ஒன்பது மாதத் தொகை.
கடிதம் இல்லை.
காசோலையின் மூலையில், அச்சில்,
ஒரே வரியில் இரண்டு பெயர்.

கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்திருக்கிறேன்.
தேதி எழுதிவிட்டேன்.
தொகையும்.
யாரிடமிருந்து என்ற கட்டம்
மிகச் சிறியதாக இருக்கிறது.