பழைய வெள்ளி

தங்கசாலைத் தெருவில் மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை.
மூச்சு வாங்க ஏறி வந்த ஹபீப் லெப்பை
கைக்குட்டையை அவிழ்த்து
இரண்டு காசுகளைக் கண்ணாடிமேல் வைத்தார்.
அங்கப்ப நாயக்கன் தெருவில் பழைய கிட்டங்கியை இடித்தபோது
செங்கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் நடுவே இருந்ததாம்.
"தரம் பாத்துச் சொல்லும்மா. உருக்கிடலாம்."

என் வேலை அதுதான்.
துப்பாக்கி மாதிரி ஒரு கருவி, விசையை அழுத்தினால்
எண் சொல்லும். கதை சொல்லாது.
முதல் காசு: எண்பத்தொன்பது புள்ளி ஆறு.
இரண்டாவது: எண்பத்தொன்பது புள்ளி ஐந்து.
எடை, இருபத்தேழு கிராமுக்கு ஒரு நெல் குறைய, இரண்டும்.
ஒரே மலை, ஒரே உலை,
விளிம்பில் ஒரே ஊரின் முத்திரை: பொட்டோசி.

ஒன்றில் ஸ்பெயின் ராஜா.
இலைமாலை சூடிய தலை, தடித்த கழுத்து,
அந்த மலையை ஒருநாளும் பார்க்காத கண்.
இன்னொன்றில் சூரியன்.
முப்பத்திரண்டு கதிர், நடுவில் ஒரு முகம்,
தூங்கி எழுந்த பிள்ளைபோல் உப்பிய கன்னம்.
ஃபோனைக் காட்டினேன், அது படித்தது:
"வெள்ளி ஆற்றின் மாகாணங்கள்."
ஆண்டு ஆயிரத்து எண்ணூற்றுப் பதின்மூன்று.
ராஜாவுக்குப் பதினேழு.

திரும்பவும் பார்த்தேன்.
ஆமாம், சூரியன்தான் முதலில்.
ராஜா அதற்கப்புறம்.

லெப்பை டீ குடிக்கும் நேரத்தில் தேடிப் படித்தேன்.
பதினைந்து வருஷப் போர்.
தெற்கிலிருந்து படை வரும், மணி அடிக்கும்,
அச்சில் சூரியன் விழும்.
வடக்கிலிருந்து படை வரும், அதே மணி அடிக்கும்,
ராஜா விழுவார்.
தோற்றுப் பின்வாங்கிய இரவில் விடுதலைக்காரர்களே
நாணயசாலையைத் தகர்க்க மருந்து வைத்தார்களாம்;
யாரோ ஒருவன் திரியை அறுத்தான்.
அவன் துரோகியா,
பக்கத்து வீட்டில் பிள்ளைகள் தூங்கினார்களா,
எனக்குத் தெரியவில்லை.

என் தொழில் செய்தவனைப் பற்றி ஒரு வரியும் இல்லை.
அவனும் தரம் பார்த்திருப்பான்,
கோகா இலை அடக்கிய கன்னத்தோடு.
அவன் அண்ணன் கட்டாயக் கூலிக்குச் சுரங்கம் இறங்கி
இருமலோடு திரும்பியிருப்பான்.
ராஜாவின் அதிகாரி வந்து
சூரியனையெல்லாம் உலையில் போடு என்றபோது
இவன் கோஷம் எதுவும் போட்டிருக்க மாட்டான்.
"லாமாச் சாணி நனைஞ்சு கிடக்கு, ஐயா.
உலை பிடிக்காது. நாளைக்கு வாங்க."
நாளைக்குள் நாலு காசு
பாவாடை மடிப்புகளில் மலை இறங்கியிருக்கும்.
அதில் ஒன்று கப்பலேறி
மணிலா, மக்காவ்,
எந்த மாலுமியின் எந்தக் கடனோ,
கடைசியில் ஒரு கிட்டங்கிச் சுவர்.

"என்னம்மா, போலியா?"

"அசல்தான் பாய். ரெண்டும் ஒரே விலை."

அவர் ராஜாவை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.
"மூர் மார்க்கெட்டுல இந்தத் தலைக்கு ஆள் இருக்கு.
இது என்னமோ பொம்மைக் காசு, தேஞ்சு வேற போச்சு.
இதை மட்டும் உருக்கிடு.
பையனுக்கு ஃபீஸ் கட்டணும்."

தலைக்கு மேலே மின்விசிறி கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது.
அடுத்த அறையில் உலை இரைந்துகொண்டிருந்தது.
ரசீதில் எழுதினேன்: பழைய வெள்ளி, உருப்படி ஒன்று.
நிமிர்ந்து,

"கரண்ட் இல்லை பாய். நாளைக்கு வாங்க" என்றேன்.

அவர் விசிறியை அண்ணாந்து பார்த்தார்.
அப்புறம் காசை.
அப்புறம் என்னை.