திருகு

மண்ணடி கடையில் கலிபுல்லா பாய்
பச்சைத் துணி விரித்து இரண்டையும் வைத்தார்.
இரண்டிலும் ஆறு அறை.
இரண்டிலும் ஒவ்வொரு வெடிக்கும்
கட்டைவிரல் சுத்தியலை இழுத்தாக வேண்டும்.
வேறுபாடு மேலே, நகக்கண் அளவு.

ஒன்றில் பின்குறி என்பது
இரும்பிலேயே வெட்டிய ஒரு பள்ளம்.
மற்றதில் இரண்டு திருகுகள்,
மூக்குத்தித் திருகைவிடச் சற்றே பெரியவை.
ஏற்றி இறக்க ஒன்று, இடம் வலம் நகர்த்த ஒன்று.

உரிமத்தில் ஒன்றுக்குத்தான் இடம்.

"பள்ளம் கெட்டுப்போவாதும்மா.
கீழ வுழுந்தாலும் அதே எடத்துல இருக்கும்.
இடதுல போவுதா, நீங்க வலதுல புடிங்க.
திருகு இருந்தா திருகத் தோணும்."

தெரியாததா எனக்கு?
வியாசர்பாடி கிளப்பில் மூன்றாம் கேரம் போர்டு
ஜன்னல் மூலைக்குச் சாயும்.
யாரும் அட்டை செருகி நிமிர்த்தியதில்லை,
அரைக்காய் தள்ளி அடித்தே கோப்பை வாங்கியிருக்கிறோம்.
எங்கள் வீட்டுக் கடிகாரம்
பன்னிரண்டு நிமிடம் முந்தி ஓடும்,
கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டை நினைத்து
குணசீலன் வைத்தது.
பியூலா கழித்தல் கற்றதே அதில்தான்.

பத்தொன்பது வருடமாகப் பெட்டித் தொழிற்சாலையில்
மயிரிழை பிசகிய அச்சைத்
திருப்பி அனுப்புகிறவள் நான்.
வெளியே வந்தால் எல்லாவற்றிலும்
எதையாவது கழிக்க வேண்டியிருக்கிறது.
திருகு வைத்ததையே எடுத்தேன்.
அதே வேகத்தில் கடிகாரத்தையும் திருத்தினேன்.
மறுநாள் மூன்று பேரும்
மூன்று இடத்துக்குத் தாமதம்.

சுடுதளத்தில் முதல் ஆறும்
இடப்பக்கம், கீழே.
திருகினேன். டிக், டிக்.
அடுத்த ஆறு வலது ஓரம்.
மறுபடி டிக்.
தாளில் துளைகள் நடந்துகொண்டே இருந்தன,
நான் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தேன்.

பக்கத்துத் தடத்து ரோஸ்லின் வாங்கிப் பார்த்தாள்.
எந்த அறையில் என்று சொல்லாமல்
இரண்டு வெற்றுக்கூடு கலந்து போட்டுத் தந்தாள்.
மூன்றாவது இழுப்பில்
சுத்தியல் விழுந்தது. வெடிக்கவில்லை.
வெடிக்காத துப்பாக்கியின் மூக்கு
இடப்பக்கமாகத் தாழ்ந்து
யாருக்கோ வணக்கம் வைத்தது.

ரோஸ்லின் எதுவும் சொல்லவில்லை.
காதுமூடியை மாட்டிக்கொண்டாள்.

எண்ணி எண்ணித் திருகுகளை
வாங்கிய நிலைக்கே கொண்டுவந்தேன்.
ராத்திரி பியூலாவின் நகப்பூச்சில்,
அவள் பூச வெட்கப்பட்டு ஒதுக்கிய ஊதாவில்,
இரண்டின் தலையிலும் ஒரு சொட்டு.
காயும்வரை ஊதினேன்.

நிமிர்ந்து பார்த்தால்
கடிகாரம் மறுபடி முந்தி ஓடுகிறது.
இந்தத் தடவை எத்தனை நிமிடம் என்று
குணசீலன் சொல்ல மாட்டேனென்கிறான்.